மலையேறும் ஜீப் கொதிப்பது ஏன்?

மலைப்பாதையின் ஓரத்தில் ஒரு வண்டி நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது, உள்ளிருந்து ஆவி புகைபோல் எழுகிறது. "எஞ்சின் கொதித்துவிட்டது" என்கிறார் ஓட்டுநர். கோடை விடுமுறையில் இக்காட்சியை நீங்களும் கண்டிருப்பீர்கள். சமவெளியில் நூறு கிலோமீட்டர் ஓடியும் கொதிக்காத எஞ்சின், மலையேறத் தொடங்கிய சிறிது நேரத்தில் கொதிப்பது ஏன்? ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் நீங்கள் படித்த இயற்பியலே இதற்கு விடை சொல்லும்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்திலிருந்து ஒரு நான்கு சக்கர இயக்க ஜீப் புறப்படுவதாகக் கொள்வோம். 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழுது பார்த்த டீசல் ஜெனரேட்டர் ஒன்றை டிரெய்லரில் ஏற்றி, ஏலகிரிக்கு இழுத்துச் செல்ல வேண்டும். மாதம் மே. ஜீப்பின் எடை 2,000 கிலோகிராம். டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 1,000 கிலோகிராம்.

எவ்வளவு வெப்பம்?

சமவெளியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஜீப் மட்டும் செல்லும்போது, சக்கரங்களின் உருளல் தடையை வென்றால் போதும். அது எடையில் நூற்றில் ஒன்றரைப் பங்கு என்று கொண்டால், தேவைப்படும் திறன் சுமார் 2.5 கிலோவாட். குறைந்த வேகமாதலால் காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இனி மலைக்கு வருவோம். சாலை 15 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 3,000 கிலோகிராமின் எடை 29,400 நியூட்டன். ஏற்றத்துக்காக இதில் பதினைந்தில் ஒரு பங்கு, அதாவது 1,960 நியூட்டன் விசை வேண்டும். உருளல் தடைக்கு 440 நியூட்டன். ஆகமொத்தம் 2,400 நியூட்டன். அதே 30 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 8.33 மீட்டர் வேகத்தில், திறன் 20 கிலோவாட். சமவெளியில் தேவைப்பட்டதைப்போல் எட்டு மடங்கு!

எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதி குளிர்விக்கும் நீரைச் சேர்கிறது. ஆகவே 20 கிலோவாட் வேலை செய்யும் எஞ்சின், கிட்டத்தட்ட 20 கிலோவாட் வெப்பத்தை நீரில் கொட்டுகிறது. 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர்கள் பத்தை ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம் இது.

1 கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1° செ. உயர்த்த 4,200 ஜூல் வேண்டும். எஞ்சினில் 10 லிட்டர் நீர் இருந்து, வெப்பம் வெளியேறவே வழியில்லை என்றால், சுமார் 20 விநாடியில் வெப்பநிலை 10° செ. உயர்ந்துவிடும். உலோகமும் வெப்பத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் சற்றுக் கூடுதல் நேரமாகும்; அவ்வளவே.

வெளியேற்றுவது யார்?

நீர் வெப்பத்தைச் சுமக்கும் கூலியாள் மட்டுமே. அதைக் கடைசியில் வாங்கிக்கொள்வது காற்று. ரேடியேட்டரில் நீர் 8° செ. குளிர்ந்தால், 20 கிலோவாட்டை அகற்ற விநாடிக்கு சுமார் 0.6 லிட்டர் நீர் ஓடினால் போதும். காற்றோ 30° செ. சூடேறினாலும் விநாடிக்கு சுமார் 600 லிட்டர் செல்ல வேண்டும். ஆயிரம் மடங்கு பருமன்!

மெதுவாக மலையேறும்போது எதிர்க்காற்று குறைவு. விசிறியே பெரும்பாலும் காற்றை இழுக்க வேண்டும். அதோடு, ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 90° செ., காற்று 25° செ. என்றால் வேறுபாடு 65. மே மாதம் காற்று 40° செ. ஆனால் வேறுபாடு 50 மட்டுமே. ரேடியேட்டரின் திறனில் ஏறத்தாழ கால் பங்கு போய்விட்டது.

கள்ளிக்குப்பத்துக்குச் சற்று மேற்கே, ஆவடியில் உருவாக்கப்பட்ட அர்ஜுன் டாங்கியை எண்ணிப் பாருங்கள். சுமார் 58 டன் எடை. 1,400 குதிரைத்திறன் எஞ்சின். அதைத் தார் பாலைவனத்தின் கோடையிலும் குளிர்விக்க வேண்டும். பொறியாளர்களுக்கு அங்கும் இதே கணக்குதான், எண்கள்தாம் பெரியவை.

ஓட்டுநர் செய்யக்கூடியவை

முதலாவது, வேகத்தைக் குறைத்தல். எடை ஒன்றரை மடங்கானால், வேகத்தை ஒன்றரையால் வகுத்துவிடுங்கள். டிரெய்லரோடு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதும், டிரெய்லர் இன்றி 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதும் ஒரே திறன்தான்.

இரண்டாவது, தாழ்ந்த கியர். "எஞ்சின் அலறுகிறதே, சூடாகாதா?" என்று கேட்பீர்கள். வண்டியின் வேகம் மாறாதவரை தேவையான திறனும் ஏறத்தாழ மாறாது. ஆனால் எஞ்சின் வேகமாகச் சுழல்வதால், பெல்ட்டால் இயங்கும் நீர் பம்ப்பும் விசிறியும் வேகமாகச் சுழலும். கூடுதல் நீரும் காற்றும் ஓடும். உயர்ந்த கியரில் எஞ்சின் திணறும்படி ஓட்டுவதுதான் தவறு. மின்விசிறி உள்ள வண்டியிலும் பம்ப்புக்கு இது பொருந்தும். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடக்கூடாத ஜீப்புகள் உண்டு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்வதால், பற்சக்கரங்கள் முறுக்கேறிவிடும். அத்தகைய ஜீப்பில் இரு சக்கர இயக்கத்திலேயே தாழ்ந்த கியர் போதும்.

மூன்றாவது, புறப்படும் முன் கவனிப்பு. ரேடியேட்டர் துடுப்புகளுக்கிடையே சேறும் பூச்சிகளும் அடைந்திருந்தால் கழுவுங்கள். முன்புறம் கட்டிய பெயர்ப்பலகையும், ஆயுத பூஜை மாலையும் காற்றை மறைக்கும், அகற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை ஊற்றினால், பாத்திரத்தில் படிவது போன்ற உப்புப் படிவம் குழாய்களின் உட்புறம் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். தயாரிப்பாளர் சொல்லும் கூலன்ட் கலவையே நல்லது; அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும்.

நான்காவது, முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்துதல். அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து, உள்ளே வரும் காற்றையே சூடாக்குகிறது. முள் இறங்கவில்லையென்றால் ஓரமாக நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். நீர் ஒழுகாமலும் பெல்ட் அறாமலும் இருந்தால், எஞ்சினைச் சுமையின்றிச் சில நிமிடம் ஓடவிடுங்கள். விசிறி வெப்பத்தை வெளியேற்றும். ஆவி பீறிட்டாலோ பெல்ட் அறுந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். நீர் முழுவதும் வெளியேறிவிட்டால் முள் இறங்கியும் காட்டலாம். அதைக் கண்டு ஏமாறாதீர்கள்.

மூடியில் கை வைக்காதீர்கள்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. ரேடியேட்டர் மூடி, பிரஷர் குக்கரைப் போல் அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 0.9 மடங்கு இருந்தால், நீர் சுமார் 118° செ. வரை கொதிக்காது. உள்ளே நீர் 115° செ.-இல் அமைதியாக இருக்கும்போது ஒருவர் மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அழுத்தம் விழுந்ததும் நீர் 100° செ.-க்கு இறங்கியாக வேண்டும். 10 லிட்டர் நீரில் விடுபடும் வெப்பம் சுமார் 280 கிராம் நீரை ஒரே கணத்தில் ஆவியாக்கும். அந்த ஆவியின் பருமன் 450 லிட்டருக்கும் மேல்! அது கொதிநீரையும் வாரிக்கொண்டு முகத்தில் பாய்கிறது. பார்வையே போகக்கூடும். அரை மணி நேரமாவது பொறுங்கள். மேற்குழாய் கையால் தொடும் அளவுக்கு ஆறிய பிறகே மூடியைத் திறக்கலாம்.

சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரையும் ஊற்றாதீர்கள். ஒரு பகுதி சுருங்க, மறுபகுதி சுருங்காமல் நிற்க, சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம். வண்டியை நம்பிப் பிழைப்பவருக்கு அது பல மாத வருமானம்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. டிரெய்லரின் எடை 2,000 கிலோகிராம் ஆனால், ஜீப் தனியாக 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது தேவைப்படும் அதே திறனில், அதே ஏற்றத்தில் எந்த வேகத்தில் ஏறலாம்? விடையைக் கண்டுபிடித்து, உங்களுக்குத் தெரிந்த ஓர் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். மூடியைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.