வைரஸைக் கண்டறியும் மரபணு

பாலக்காட்டு நகரைச் சார்ந்த கல்பாத்தியில் ஆண்டுதோறும் ஐப்பசி இறுதியில் விசுவநாத சுவாமி தேர்த்திருவிழா நிகழ்கிறது. நீண்ட வடத்தைப் பலர் வரிசையாகப் பற்றினாலன்றித் தேர் நகராது. இக்காட்சியைக் கண்டவர்களுக்கு நம் உடலிலுள்ள ஒரு புரதத்தின் பணி எளிதில் விளங்கும்.

ஹெலிகேஸ் என்பது யாது?

உயிரணுக்களிலுள்ள ஆர்.என்.ஏ. இழைகளின் முறுக்கைப் பிரிக்கும் நொதிகளுக்கு ஆர்.என்.ஏ. ஹெலிகேஸ் என்று பெயர். மனிதனின் இரண்டாம் குரோமோசோமிலுள்ள ஐ.எப்.ஐ.எச்.1 என்னும் மரபணு, இவ்வினத்தைச் சேர்ந்த எம்.டி.ஏ.5 என்னும் புரதம் உருவாவதற்குக் காரணமாகிறது. இப்புரதம் 1,025 அமினோ அமிலங்களால் ஆனது. எனினும் இதன் தலையாய பணி முறுக்கைப் பிரிப்பதன்று. காவல் புரிவதே ஆகும்.

காவல் முறை

வைரஸ்கள் பல உயிரணுவினுள் பெருகுங்கால் நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ. தோன்றுகிறது. எம்.டி.ஏ.5 மூலக்கூறுகள், வடம் பிடிப்போரைப் போல, அதன்மீது ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுக்கின்றன. குட்டையான இழையில் இவ்வணி நிலைபெறுவதில்லை. அணி அமைந்ததும் மைட்டோகாண்ட்ரியாவின் மேலுள்ள மற்றொரு புரதத்தின் வாயிலாகச் செய்தி பரவி, இண்டர்பெரான் சுரக்கிறது. 1957ஆம் ஆண்டில் ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகிய இருவரும் அறிவித்த இப்பொருள் அண்டை உயிரணுக்களையும் எச்சரிக்கிறது.

குறையும் மிகையும்

இம்மரபணு செயலிழந்த குழந்தைகள் சிலர், சாதாரணச் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸினாலேயே கடுமையாக நோயுற்றனர். மாறாக, அது அளவு மீறிச் செயற்பட்டால், உடல் தன் ஆர்.என்.ஏ.வையே பகையெனக் கொண்டு குழந்தையின் மூளைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும்.

நிப்பா வைரஸின் சூழ்ச்சி

2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கோழிக்கோட்டுப் பகுதியில் பல உயிர்களைக் கவர்ந்த நிப்பா வைரஸ், 'வி' என்னும் புரதத்தை ஆக்குகிறது. அது எம்.டி.ஏ.5 உடன் பிணைந்து, அதனைச் செயலற்றதாக்குகிறது. காவலன் கட்டுண்டமையால் எச்சரிக்கை தடைப்படுகிறது. இந்நோய்க்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இன்னும் இல்லை. ஆகவே வௌவால் கடித்த கனிகளை விலக்குதல், ஐயத்திற்குரிய நோயாளரைத் தனிமைப்படுத்துதல், உடனே சுகாதார அலுவலர்க்கு அறிவித்தல் ஆகியவற்றைக் களப்பணியாளர் வற்புறுத்துதல் வேண்டும். உடலின் காவல் தவறும் இடத்தில் ஊரின் காவலே துணையாகும்.

பயிற்சி

ஆசிரியர் ஒரு முழக் கயிற்றையும் பத்து முழக் கயிற்றையும் மாணவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றையும் எத்துணைப் பேர் வரிசையாகப் பற்ற இயலும் என்று காணச் செய்க. பின்னர் மாணவர் பலரைக் கைகட்டி நிற்கச் செய்து, அணி அமையாமையைச் சுட்டிக்காட்டுக. 'வி' புரதத்தின் செயல் இதனால் தெளிவாகும்.