கடன் கொடுக்கப் போகும் பிள்ளைக்கு

நம்ம நெய்க்காரப்பட்டிப் பிள்ளைகள் பலர் இப்போது நுண்கடன் கம்பெனிகளில் கலெக்‌ஷன் வேலைக்குப் போகிறார்கள். மகளிர் குழுக் கணக்கு பார்த்துப் பழகியவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். நான் இலங்கையின் வன்னிக் கதையைத்தான் சொல்வேன். போர் தின்ற மண்ணில் கடன் தப்பாகப் போனால் பூசி மெழுக வழியே கிடையாது.

1. வசூல் நூறு சதம் என்றதும் மகிழாதே, கண்ணு. 2009 மே மாதம் சண்டை முடிந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குத் திரும்பியவர்களிடம் வீடில்லை, வள்ளமில்லை, மாடில்லை. எத்தனையோ பெண்களுக்குப் புருசனும் இல்லை. பின்னாலேயே லீசிங், நுண்கடன் கம்பெனிகள் போய் இறங்கின. வாரத்துக்கு ஒரு தவணை. அந்தப் பெண்கள் கட்டவும் செய்தார்கள், ஒரு கம்பெனித் தவணைக்கு இன்னொரு கம்பெனியில் வாங்கி. மேலாபீஸ் கணக்கில் அதற்குப் பெயர் நல்ல வசூல்.

2. "வேற லோன் இருக்காக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். சிபிலில் கம்பெனிக் கடன் தெரியும். கந்துவட்டியும் அடகுக்கடையில் வைத்த நகையும் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து, திங்கட்கிழமை யாருக்குக் கட்டணும், செவ்வாய் யாருக்கு என்று கிழமை வாரியாகக் கேள். மணிபர்சிலிருந்து தவணை அட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். வருசம் 3 லட்சம் வரை வருமானமுள்ள வீட்டில், எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. பாதி என்பது எல்லை. அதுவரை ஏற்றிவிடுவது உன் வேலை இல்லை.

3. தவணையை மாட்டைக் கேட்டு வை. சினைமாடு வாங்கக் கடன் கொடுத்துவிட்டு அடுத்த வாரமே தவணை கேட்டால் எப்படி? கன்று போட்டு, சீம்பால் நாள் கழிந்து, சொசைட்டியில் பால் ஊற்றிப் பட்டுவாடா வாங்கின பிறகுதான் கையில் காசு. மக்காச்சோளமும் அப்படித்தான். கண்ணிவெடி எடுத்து முடியாத வன்னி வயலுக்கு உரக்கடன் கொடுப்பது இன்னும் மோசம்.

4. சேமிப்பு முதலில், கடன் பிறகு. 1992இல் நபார்டு சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைத்தபோது முறை அதுதான். இலங்கையில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களும் அந்த வழிதான். தன் காசு உள்ளே இருந்தால் ஆயா கூட எழுந்து கணக்குக் கேட்கும். வெளிநாட்டு நன்கொடை வந்து, இந்த வருசத்துக்குள் செலவழித்தாக வேண்டும் என்று கடனாக இறக்கினால் யார் கேட்பார்கள்?

5. தவணை தவறினவள் வாசலில் கூட்டம் சேர்க்காதே. இப்படி நெருக்கி வசூலிப்பதைத் தடுக்கவென்றே 2025இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது.

6. நீ இறங்கி வராவிட்டால் சர்க்கார் இறங்கும். ஆந்திராவில் 2010இல் அவசரச் சட்டம் வந்ததும் வசூல் படுத்துவிட்டது. இலங்கையில் 2018இல், வறட்சி மாவட்டப் பெண்கள் கட்டமுடியாமல் நின்ற 1 லட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ளினார்கள். வட்டிக்கு 35 சதம் உச்சவரம்பு வைத்தார்கள். அதற்குள் உயிரை விட்டவர்களும் உண்டு. அதனால் மழை பொய்த்த மாசமே தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லி எழுது. மேனேஜர் முறைப்பார். பரவாயில்லை, எழுதி ஒரு நகல் வைத்துக்கொள்.