தம்பிக்கு: வகை சொல்லாத பெயர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

சிவகாசியில் காலண்டர் அச்சகம் ஒன்றின் பில் கணக்குக்காக நீ ஸி மொழியில் எழுதிய நிரலைப் படித்தேன். கணக்கு சரியே, ஆயினும் பல பெயர்களுக்கு வகை குறிக்காமல் விட்டுவிட்டு, "எழுதாவிட்டால் கம்பைலர் இன்ட் என்று எடுத்துக்கொள்ளும்" என்று நீ சொல்லும் சமாதானத்தை என்னால் அங்கீகரிக்க முடியவில்லை.

பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் இயற்றிய பி மொழியில் எல்லா மதிப்புகளும் ஒரே அளவினவாக இருந்தபடியால், ஒரு பெயர் எங்கே, எதுவரை ஜீவித்திருக்கும் என்பதை ஆட்டோ, எக்ஸ்டர்ன் என்ற சொற்களால் அறிவித்தாலே போதுமாயிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி அதிலிருந்து ஸி-யை உருவாக்கி வகைகளைப் புகுத்திய பின்னரும், சொல்லாததெல்லாம் முழு எண்ணாகிய இன்ட் என்ற சம்பிரதாயம் பழைய வாசனையாக ஒட்டிக்கொண்டது. லேபிள் இல்லாத மூட்டையை வெடியுப்பு என்று அனுமானித்து மருந்து கலக்கும் அறைக்கு அனுப்புகிற போர்மேனை உங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையில் ஒரு நாளாவது வைத்திருப்பார்களா?

அபாயம் கற்பனையன்று. நினைவகம் ஒதுக்கி அதன் முகவரியைத் தரும் மாலோக்கை, உரிய ஹெடர் கோப்பைச் சேர்க்காமல் அழைத்தால், அது இன்ட் தருவதாகவே பழைய கம்பைலர் கொள்ளும். நம் கல்லூரிகளில் வெகுகாலம் கோலோச்சிய டர்போ ஸி-யின் சிறிய நினைவக மாதிரியில் இன்ட், முகவரி இரண்டும் 16 பிட் ஆகையால் குற்றம் மறைந்தே கிடக்கும். 64 பிட் லினக்ஸிலோ முகவரியின் மேற்பாதி அறுபட்டு, நிரல் எங்கேயோ போய் முட்டிக்கொள்ளும். 1999-ஆம் ஆண்டின் தரநிலை இச்சலுகையை நீக்கியது. ஜி.சி.சி. கம்பைலரோ எச்சரிக்கையோடு நிறுத்திக்கொண்டிருந்து, 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பில்தான் இதைப் பிழையென்று மறுக்கத் துணிந்தது. (தாட்சண்யத்துக்கும் ஓர் எல்லை உண்டல்லவா!)

ஆட்டோவின் கதை இன்னும் விசித்திரமானது. செயற்கூற்றுக்குள் பிறக்கும் பெயர்கள் இயல்பாகவே அவ்வினத்தவையாதலால் அச்சொல்லை எவரும் எழுதுவதில்லை. அதனாலேயே 2011-இல் ஸி பிளஸ் பிளஸும், பின்னர் ஸி 23-உம், தரப்படும் மதிப்பைப் பார்த்து வகையைக் கம்பைலரே தீர்மானிக்கட்டும் என்று அதற்குப் புதுப்பொருள் தந்தன. "ஆட்டோ விலை = 3.75" என்ற வரி பழைய ஸி-யில் 3 ஆகும்; புதியதில் 3.75. முக்கால் ரூபாய் யார் கணக்கில் போகும்? ரெஜிஸ்டர் என்ற சொல்லையும் மறந்துவிடு, எந்த மதிப்பைச் செயலியின் பதிவகத்தில் வைப்பது என்பதை இன்றைய கம்பைலர் உன்னைவிட நன்கு அறியும்.

ஸ்டாட்டிக் ஒன்றையே யோசித்துப் பிரயோகிக்க வேண்டும். பில் எண்ணை அதில் வைத்திருக்கிறாய். அழைப்புக்கு அழைப்பு மதிப்பு நிலைக்கும் என்பது மெய்யே. ஆனால் கரண்ட் போய் நிரலை மறுபடி துவக்கினால் எண் பழையபடி முதலிலிருந்து புறப்படும். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகி ஆர்டர்கள் குவியுமுன், அதைக் கோப்பில் எழுதிவைக்க ஏற்பாடு செய்.

இப்படிக்கு,
உன் அண்ணாச்சி