டொராண்டோவில் ஒரு விதம், மிசிசாகாவில் வேறு விதம்

டொராண்டோவிலிருந்து மிசிசாகா, பிராம்ப்டன் பக்கம் வீடு மாறுகிறீர்களா? இவ்விரு ஊரும் பீல் வட்டாரம். குப்பை விதிகள் வேறு.

● மீன் முள், முருங்கைச் சக்கை, தேயிலைச் சக்கை: இரு பக்கமும் பச்சைத் தொட்டிதான்.

● பை: டொராண்டோவில் கடை தரும் பிளாஸ்டிக் பையில் கட்டியே பச்சைத் தொட்டியில் போடலாம். பீலில் காகிதப் பை அல்லது மக்கும் பைதான்; வாங்கும்போது அதற்கான முத்திரையைப் பாருங்கள்.

● டயப்பர், நாய்க்கழிவு: டொராண்டோவில் பச்சைத் தொட்டி, பீலில் சாதாரணக் குப்பை.

● நீலத் தொட்டி: 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோ முழுக்க ஒரே பட்டியல். காபி கப், கறுப்பு பிளாஸ்டிக் டப்பா, பற்பசை டியூப் எல்லாம் போடலாம். டப்பாவில் ஒட்டிய குழம்பை மட்டும் அலசிவிடுங்கள்.