மலை சைக்கிளுக்கு ஆட்டுக்கொம்பு

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கராஜ் சேலில் 1992-ஆம் வருட ஸ்டீல் மவுண்டன் பைக் சல்லிசாகக் கிடைத்தது. சஸ்பென்ஷன் கிடையாது. ரேஸ் சைக்கிள்போல வளைந்த ஹேண்டில்பார் மாட்டி, சரளைக்கல் பாதையில் ஓட்ட ஆசை. ‘ரெண்டுங்கெட்டானாகப் போய்விடும்’ என்று நண்பர் பயமுறுத்துகிறார். மாற்றலாமா?

பதில்: தாராளமாக. இந்த ரெண்டுங்கெட்டானுக்கு நல்ல பரம்பரையே உண்டு. பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 1987-இல் எம்பி-1 மவுண்டன் பைக்கை வளைந்த பாருடனேயே விற்றது. 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலக மவுண்டன் பைக் போட்டியில் ஜான் டோமாக் இறங்கியதும் அப்படிப்பட்ட யெட்டி சைக்கிளில்தான். அவர் அப்போது சாலைப் பந்தயங்களிலும் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வண்டியிலும் உட்காரும் வாகு ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

சிக்கல் நீளத்தில்தான். வளைந்த பாரில் கை பெரும்பாலும் பிரேக் லீவரின் தலைமேல் இருக்கும். அந்த இடம் நேர் பாரைவிட எட்டு, பத்து சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப்போகிறது. பாரை ஃபோர்க்குடன் இணைக்கும் பழைய ஸ்டெம்மை அப்படியே விட்டால், அரை மணி நேரத்தில் கழுத்து கெஞ்ச ஆரம்பித்துவிடும். நல்லவேளையாக, அந்தக் கால மலை சைக்கிள்களில் 12, 13 சென்டிமீட்டர் நீள ஸ்டெம் சகஜம். அதைக் கழற்றிவிட்டு, உயரமான, ஆறேழு சென்டிமீட்டர் ஸ்டெம் போட்டால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். வாங்குமுன் ஃபோர்க்கின் உள்ளே இறங்கும் தண்டை அளக்க வேண்டும்: 22.2 மி.மீ.யா, 25.4-ஆ? பாரைக் கவ்வும் பகுதியும் பொருந்த வேண்டும். ரேஸ் பார்களில் அது பெரும்பாலும் 26 அல்லது 31.8.

பழைய லீவர்கள் உதவாது. அவை 22.2 மி.மீ. குழாய்க்கானவை, வளைந்த பாரின் தடிமன் 23.8. சாலை லீவர்தான் வேண்டும். 1992 வண்டியில் இருப்பது கான்டிலீவர் பிரேக் என்பதால் அது ஒத்துப்போகும். யாராவது இடையில் வி-பிரேக் மாட்டியிருந்தால் கதை வேறு. வி-பிரேக் அதிகக் கேபிளை இழுக்கச் சொல்லும். சாதாரணச் சாலை லீவர் பாரில் வந்து முட்டினாலும் சக்கரம் நிற்காது. அதற்கென்றே டெக்ட்ரோ ஆர்எல்520 என்ற லீவர் இருக்கிறது.

கியருக்கு பாரின் முனையில் செருகும் ஷிஃப்டர் போதும். ஷிமானோவின் 7, 8, 9 ஸ்பீடு பின்கியரில் சாலை, மலை என்ற பேதம் பெரும்பாலும் இல்லை. முன்கியருக்கு மட்டும் ‘டிக்’ சத்தமில்லாத பழைய உராய்வு முறையே நிம்மதி.

கடைசியாக ஒரு சின்ன உருப்படி. பழைய ஸ்டெம்கள் பலவற்றில் முன்பிரேக் கேபிளின் உறை வந்து தங்க ஒரு துளை இருக்கும். ஸ்டெம் போனால் அதுவும் போச்சு. ஹெட்செட் நட்டுக்கு அடியில் செருகும் சிறு வளைந்த தகடு ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். இல்லையென்றால், ஞாயிறு சாயங்காலம் பிரித்த வண்டி கடை திறக்கும்வரை முன்பிரேக் இல்லாமல் சுவரில்தான் சாய்ந்து கிடக்கும்.