கலையும் கோடிங்கும் சேரும் இடத்தில் வேலை: புதுச்சேரிக்காரர்களுக்கு 7 டிப்ஸ்

தரையில் கால் வைத்த இடத்தில் பூ விரிகிறது. சுவரைத் தொட்டால் படம் நகர்கிறது. ஜப்பானின் டீம்லேப் போன்ற குழுக்கள் உலகெங்கும் பிரபலமாக்கிய இன்டராக்டிவ் இன்ஸ்டலேஷன் இன்று மியூசியம், மால், பிராண்ட் லாஞ்ச், கலைவிழா என எங்கும் நுழைந்துவிட்டது. ஐடியா சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விழா முடியும்வரை படுத்துவிடாமல் ஓடும் சிஸ்டத்தைத் தருபவர்கள்தான் குறைவு. அந்த இடத்தைப் பிடியுங்கள்.

1. இரண்டு டூலில் கை தேருங்கள். திரைக்காட்சியை உருவாக்கும் டச்டிசைனரின் இலவசப் பதிப்பு 1280க்கு 1280 பிக்சல்வரைதான் தரும். போர்ட்ஃபோலியோவுக்கு அது போதும். கூடவே சென்சாரை இணைக்கும் ஆர்டுயினோ போர்டு. கோடிங்கோடு சால்டரிங்கும் தெரிந்தால் போட்டி பாதியாகும்.

2. ஒரே பிராண்டை நம்பாதீர்கள். 2010-இல் வந்த கினெக்ட் என்ற டெப்த் கேமராவின் தயாரிப்பு 2017-இல் நின்றது. அடுத்து வந்த அஸ்யூர் கினெக்ட்டையும் 2023-இல் நிறுத்தினார்கள். டெப்த் கேமரா வேலை செய்யும் விதம் புரிந்தவர், எந்த சென்சார் வந்தாலும் சமாளிப்பார்.

3. கூட்டத்தைப் படியுங்கள். மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு பீச் ரோட்டில் காந்தி சிலை பக்கம் நின்று கவனியுங்கள். குழந்தை முதலில் ஓடிவரும். அப்பா இரண்டடி தள்ளி நின்று போனை எடுப்பார். பாட்டி கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார். காற்றில் பறக்கும் துப்பட்டாவை சென்சார் கை என்று நினைத்துக்கொள்ளலாம். இரண்டாம் தலைமுறை கினெக்ட் ஒரே நேரத்தில் ஆறு பேரைத்தான் பின்தொடரும். ஏழாவது ஆள் வந்தால் என்ன செய்வீர்கள்? பதிலோடு இன்டர்வியூவுக்குப் போங்கள்.

4. ஊரின் தொல்லையை ஸ்கில்லாக மாற்றுங்கள். வெயிலில் இன்ஃப்ராரெட் சென்சார் தடுமாறும், புரொஜெக்டர் படம் வெளுக்கும். உப்புக்காற்று கனெக்டரை அரிக்கும். கரன்ட் போய்வந்தால் ஷோ தானாகத் தொடங்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகி, கீபோர்டைத் தொடாமலே எல்லாம் ஓடுவதை ஒரு நிமிட வீடியோவாக எடுங்கள். ரெஸ்யூமேயில் முதல் லிங்க் அதுவாக இருக்கட்டும்.

5. நேரில் போய்ப் பாருங்கள். மீடியா கலைஞர்கள் ஜெஃப்ரி ஷாவும் சாரா கெண்டர்டைனும் 2006-இல் உருவாக்கிய ‘பிளேஸ்-ஹம்பி’யை ஹம்பிக்குப் பக்கத்தில், தோரணகல்லின் கலாதாம் வளாகத்தில் அமைத்தார்கள். வட்டத் திரை, நடுவே சுழலும் மேடை. ஒருவர் மேடையைத் திருப்ப, ஹம்பியின் முப்பரிமாணக் காட்சிகள் மாறும். மற்றவர்கள் கூடவே பார்ப்பார்கள். கன்ட்ரோல் யார் கையில் என்பதை முதலிலேயே முடிவு செய்த டிசைன் அது. ஆரோவில்லில் ‘ஸ்வரம்’ அமைப்பு செய்யும் ஒலிக்கருவிகளையும் தட்டிப் பாருங்கள். ஸ்கிரீன் இல்லாமலே ஆளை இழுக்கும் வித்தை அங்கே இருக்கிறது.

6. பிரெஞ்சை ஆயுதமாக்குங்கள். அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் ஊரிலேயே இருக்கிறது. பிரெஞ்சு கலாசார அமைப்புகள் பல நாடுகளில் நவம்பர்தோறும் டிஜிட்டல் கலைவிழா நடத்துகின்றன. ஓரளவு பிரெஞ்சு பேசினாலே பெங்களூரு போட்டியாளர்களிடமிருந்து தனித்துத் தெரிவீர்கள். கொச்சி பினாலே, கோவாவின் செரண்டிபிடி விழா போன்றவற்றில் கேபிள் இழுக்கும் வேலை கிடைத்தாலும் விடாதீர்கள். அடுத்த புராஜெக்ட்டுக்கு ஆள் தேடும்போது, கூட வேலை செய்தவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

7. கொட்டேஷனில் மூன்று வரி போடுங்கள்: தயாரிப்பு, ஆன்சைட் ஆபரேட்டர், பராமரிப்பு. மூன்றாவதை விட்டால் ஞாயிற்றுக்கிழமை இலவசமாக ஓட வேண்டிவரும். “எக்ஸ்போஷர் கிடைக்கும்” என்று பேரம் பேசினால், உங்கள் பெயருக்கான கிரெடிட்டையும் வீடியோ உரிமையையும் எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் அட்வான்ஸ் வராமல் ஒரு வயர்கூடச் செருகாதீர்கள்.