வரப்புத் தகராறா? முதலில் கல்லைத் தேடுங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தென்னை, மா வைத்திருக்கும் விவசாயிகள், வரப்புத் தகராறு என்று கோர்ட் படி ஏறுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 100 மீட்டர் நீள வரப்பு ஓர் அடி தள்ளிப் போனால் இழப்பது முக்கால் சென்ட். 25 அடி இடைவெளியில் ஒரு தென்னைக்கு வேண்டிய இடத்தில் இது பாதி. வழக்குச் செலவோ பல மரங்களின் காய்ப்பை விழுங்கிவிடும்.

அதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. அண்டை நிலத்தார் தமக்கே சொந்தம் என்று 12 ஆண்டுகள் வெளிப்படையாகத் தொடர்ந்து அனுபவித்துவிட்டால், அந்த இடத்தை மீட்கும் உரிமை போய்விடக்கூடும்.

வரப்பு எல்லை ஆகாது. உழவில் அது நகரும். பட்டாவில் பரப்பு மட்டுமே இருக்கும். பக்க அளவுகள் புலப்படத்தில்தான் உண்டு. எனவே:

1. புலப்படத்தின் நகலை வாங்குங்கள்.

2. அண்டை நிலத்தாரையும் அழைத்து, சர்வே கற்களைச் சேர்ந்தே தேடுங்கள். 1923ஆம் ஆண்டு சர்வே சட்டப்படி கற்களைப் பராமரிப்பது நில உடைமையாளரின் பொறுப்பு.

3. கல் காணாவிட்டால் நீங்களாக நட வேண்டாம். கட்டணம் செலுத்தி, அத்துக் காட்ட மனுச் செய்யுங்கள். சர்வேயர் அளக்கும்போது இருவரும் உடன் இருங்கள்.

4. கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் தண்டனைக்குரிய குற்றம்.

அளந்த பிறகும் தீராவிட்டால், மக்கள் நீதிமன்றத்தில் கட்டணமின்றிச் சமரசம் பேசலாம். புதிதாகத் தென்னை வைப்போர் எல்லையிலிருந்து பன்னிரண்டரை அடி உள்ளே தள்ளி நட்டால், நாளைக்கு மட்டை விழுந்த சண்டையும் குறையும்.